உன் அம்மாவின் ஈறும் கரண்ட் பிரஷும்

இசக்கிமுத்துவுக்கு, உன் அப்பா தன் கையால் எழுதுவது.

நலமா என்று இந்தக் கடிதத்தில் கேட்கப் போவதில்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை, மூன்று வேளைச் சாப்பாடு, வாய் நிறையப் பல். உன் நலத்துக்கு என்ன குறை. இது என் கையெழுத்து. வேறு யாருடைய கையும் இதில் இல்லை. எட்டு மாதம் சாயங்கால வகுப்புக்குப் போய் எழுத்துப் படித்த ஒருவன், இந்த வயதில் தன் மகனுக்கு முதல் கடிதம் எழுதும்போது சந்தோஷமாகத்தான் எழுத வேண்டும். எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஒரு வரியை முடித்துவிட்டு, வரப்பு வெட்டி நிமிர்ந்து பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் எழுத வந்த விஷயம் கோபம். இத்தனை வருடம் உன்னைத் திட்ட நினைத்ததை எல்லாம் டீக்கடைத் தங்கையா அண்ணாச்சியிடம் சொல்லித்தான் எழுத வைத்தேன். "அந்தப் பயலுக்கு அறிவு இருக்கான்னு கேளும்" என்று நான் சொன்னால், "உன் நலம் அறிய ஆவலாக இருக்கிறோம்" என்று அவர் எழுதியிருப்பார் போல. உன்னிடமிருந்து பதில் பணிவாகவும் சிரிப்பாகவும் வரும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம் வரும், இது திட்டு வாங்கியவன் எழுதுகிற பதில்தானா என்று. இனி அந்தத் தொல்லை இல்லை. நான் திட்டுவது திட்டாகவே உன்னிடம் வந்து சேரும். நான்கு நாளாக எழுதுகிறேன், இன்னும் இரண்டு நாள் ஆகும். நீயும் அவசரப்படாமல் வாசி.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. முதல் தடவையாக டீக்கடைக்குக் கொண்டுபோகாமல், பம்புசெட் அறையில் உட்கார்ந்து நானே வாசித்தேன். ஆவணியில் கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். சரி. சேரன்மகாதேவிப் பெண் வீட்டாருக்கு என்னென்ன வாங்கி வரலாம் என்று கேட்டிருக்கிறாய். அதுவும் சரி. கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதைத்தான் மூன்று தடவை வாசித்தேன். "அம்மாவின் பிரஷ் நன்றாக வேலை செய்கிறதா? வரும்போது அதைவிடப் பவர் கூடின புது மாடல் வாங்கி வருகிறேன். எது வேண்டும் என்று நீங்கள் எழுதுங்கள் அப்பா." பவர் கூடினது. நீ அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் உன் அம்மா வலது கன்னம் வீங்கி, கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தாள். அது உனக்குத் தெரியாது. பிரஷ் முதல் தரம் என்று நான்தான் உனக்கு எழுத வைத்தேன். தெரியாததற்காக உன்னைத் திட்டவில்லை. எதற்குத் திட்டுகிறேன் என்பது போகப் போகத் தெரியும். முதலில் என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் உன்னைத் திட்டினால் எனக்கே வாய் கூசும்.

உன் அம்மாவின் ஈற்றில் ரத்தம் வருவது நேற்று இன்று வந்ததல்ல. நீ பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே உண்டு. அவள் வாய் கொப்பளித்த இடத்தில் செம்பருத்திப் பூ விழுந்து கிடக்கிறது என்று ஒருநாள் நீ ஓடிப்போய்ப் பார்த்தாய். அன்று நான் என்ன சொன்னேன் தெரியுமா. வேப்பங்குச்சியை நன்றாக அழுத்தித் தேய்த்தால் எல்லாம் சரியாகும் என்றேன். எனக்கு உமிக்கரி போட்டுப் பரபரவென்று தேய்த்தால்தான் பல் துலக்கிய மாதிரி இருக்கும். எரிந்தால் சுத்தமாகிறது என்று அர்த்தம். என் வாய்க்குப் பொருந்தியது அவள் வாய்க்கும் பொருந்தும் என்று இருந்தேன். அவளும் அழுத்தித் தேய்த்தாள். இந்தப் பற்களால்தான் பொங்கல்தோறும் கரும்பைத் தோல் உரித்து உனக்குத் துண்டு துண்டாகக் கடித்துக் கொடுத்தாள். நீ சாறை உறிஞ்சிவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டுவாய். அவள் கடித்த துண்டில் ரத்தம் ஒட்டியிருந்தால் அதைத் தனியே ஒதுக்கிவிடுவாள். நான் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன்.

போன வருடம் அவளுக்குக் கை மடங்காமல் போயிற்று. அத்தனை வருடம் பீடி சுற்றிய கை. கட்டை விரலும் அடுத்த விரலும் முறம் பிடிக்க மடங்கும், மெல்லிய சாமான் எதையும் பிடிக்க மடங்காது. பல் துலக்குகிற பிரஷைப் பிடித்தால் நழுவி விழுந்துவிடும். அதனால் உள்ளங்கையால் மொத்தமாகப் பிடித்து ஈற்றில் குத்திக்கொள்வாள். ரத்தம் அதிகமான பிறகுதான் பாளையங்கோட்டையில் ஒரு பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவளிடம், "எத்தனை நாளா ரத்தம் வருதும்மா?" என்று கேட்டார். "ரெண்டு நாளாத்தான்" என்று நான் சொன்னேன். "தண்ணி குடிச்சா கூசுதா?" என்றார். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உன் அம்மாவின் கையைப் பிடித்து விரலை மடக்கிப் பார்த்தார். "இந்தக் கைக்குச் சாதா பிரஷ் ஆகாது. கரண்ட்ல ஓடுற பிரஷ் வெளிநாட்டுல கிடைக்குது. பிடி தடிமனா இருக்கும், கையை ஆட்ட வேண்டாம், அதுவே ஆடும். மகன் சிங்கப்பூர்ல இருக்காருன்னு சொல்றீங்களே, வாங்கி அனுப்பச் சொல்லுங்க. ஆனா" என்று அவர் மேலே சொல்ல ஆரம்பித்தபோது நான் எழுந்துவிட்டேன். சீவலப்பேரி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வந்ததை உன் அம்மா மட்டும் உட்கார்ந்து கேட்டாள்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவள், "இங்கேரும், டாக்டரம்மா இன்னொண்ணும் சொன்னாவ" என்றாள். "எனக்குத் தெரியும். பேசாம வா" என்றேன். அன்று அவளை அந்த ஒரு வார்த்தை பேச விட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இருந்திருக்காது. நான் வேறு ஏதாவது எழுதியிருப்பேன். மழையைப் பற்றி எழுதியிருப்பேன்.

பிறகு உனக்கு எழுத வைத்தேன். நீ பதில் போட்டாய். கடையில் மூன்று மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஒன்றுக்குச் சின்ன வட்டத் தலை, மெதுவாகச் சுற்றுவது. ஒன்று பேட்டரியில் ஓடுவது. ஒன்றுக்குப் பெரிய தலை, விறைப்பான நார், ரொம்ப வேகம், விலையும் கூடுதல். அம்மாவின் ஈறு எப்படி இருக்கிறது, எதை வாங்க என்று என்னைக் கேட்டிருந்தாய். தங்கையா அண்ணாச்சி அதைக் கடையில் எல்லோரும் கேட்கும்படி வாசித்தார். உடனே ஆளாளுக்கு வாய் திறந்தார்கள். எல்லாம் ஆம்பிளை வாய்.

"சின்னத் தலைய வச்சு என்னத்தத் தேய்க்க? வீட்டுக்கு வெள்ளை அடிக்கதுக்கு யாராவது ஒரு இஞ்சு பிரஷ் வாங்குவாவளா வே?" என்றான் மேல வயல் மாடசாமி.

"மோட்டாரு எத்தனை எச்.பி.ன்னு எழுதியிருக்கானா பாரும் அண்ணாச்சி" என்றேன் நான்.

மாடசாமி விடவில்லை. "நல்லாக் கேட்டீரு. மூணு எச்.பி. வாங்கி வச்சிட்டுக் கெணத்துல தண்ணி எத்தலைன்னு ஊரெல்லாம் சொல்லி அழுதீரே, பெறவு அஞ்சு எச்.பி. மாட்டினப்புறம்லா தண்ணி வந்துது. ஈறுக்கும் அதே கதைதான் வே."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மோட்டார் வாங்குவதில் நான் ஒரு தடவை ஏமாந்தவன். குறைந்த சக்தியில் வாங்கினால் மறுபடி செலவு, மறுபடி அலைச்சல். அந்தப் பாடத்தைக் கிணற்றிலிருந்து எடுத்து உன் அம்மாவின் வாயில் கொண்டுபோய் வைத்தேன். "பவர் கூடினதையே அனுப்பச் சொல்லும். நாரு நல்லா வெறைப்பா இருக்கட்டும்" என்றேன். தங்கையா அண்ணாச்சி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுவமா வே?" என்றார். நம் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். குரல் கொடுத்திருந்தால் அவள் வாசலுக்கு வந்திருப்பாள். "அவளுக்கு என்ன தெரியும்? எழுதும்" என்றேன். அந்தக் கடையில் இருந்த ஒருவனும் டாக்டரம்மா சொன்னதை முழுசாகக் கேட்டவனில்லை, கேட்டவள் அவள் ஒருத்திதான். அவளுக்கு என்ன தெரியும் என்று நான் சொன்னேன்.

பிரஷ் வந்தது. உன் கூட்டாளி கொண்டுவந்து கொடுத்தான். தெருவே வந்து பார்த்தது. ஸ்விட்சைப் போட்டதும் பெரிய வண்டு மாதிரி இரைந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு, ஏதோ நானே செய்த மாதிரி எல்லோருக்கும் காட்டினேன். உன் அம்மாவை முற்றத்தில் நிறுத்தி, எல்லோரும் பார்க்கத் துலக்கச் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் வாயை மறைத்துக்கொண்டு துலக்கினாள். துப்பியபோது தரை சிவந்தது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, "ஏ மைனி, என்ன இம்புட்டு ரத்தம் வருது" என்றாள். நான் பெரிய வைத்தியன் மாதிரி, "கெட்ட ரத்தம். வெளியே போகட்டும்" என்றேன். அன்று சாயங்காலமே டீக்கடைக்குப் போய், பிரஷ் முதல் தரம் என்று உனக்கு எழுத வைத்தேன். அந்தக் கடிதம் வந்து சேர்ந்திருக்குமே. அது பொய். இன்று அதை என் கையாலேயே வெட்டுகிறேன்.

அதன் பிறகு தினமும் காலையில் கொல்லையில் அந்த இரைச்சல் கேட்கும். நான் காபி குடித்துக்கொண்டே கேட்பேன். மகன் அனுப்பியது ஓடுகிறது என்று பெருமை. சோற்றை அவள் குழைய வடித்தாள். முறுக்கை இடித்துத் தூளாக்கித் தின்றாள். வெள்ளிக்கிழமையோடு செவ்வாயும் விரதம் என்றாள். நம்பினேன். ஒருநாள் வயலில் கரண்ட் இல்லை என்று பாதியில் திரும்பி வந்தேன். வீட்டில் கரண்ட் இருந்தது, கொல்லையில் பிரஷ் இரைந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல் பக்கத்தில் உன் அம்மா நிற்கிறாள். இடது கையில் பிரஷ், ஆளை விட்டுத் தள்ளி, காற்றில் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. வலது கையின் ஒரு விரலால் உப்புத் தண்ணீரைத் தொட்டு ஈற்றில் வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் சட்டென்று பிரஷை வாயில் வைத்தாள். வைத்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னத்துக்கு இந்த நாடகம்?" என்று கத்தினேன். ஆமாம், அவள் மேல்தான் முதலில் கத்தினேன்.

"ஏன் கத்துதீரு? புள்ள அம்புட்டுத் தொலைவுல இருந்து வாங்கி அனுப்புனது. ஓடுத சத்தம் கேக்கலன்னா உமக்குச் சங்கடம்லா" என்றாள்.

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். நான்கு மாதமாகவாம். நான்கு மாதம் நான் கேட்டுப் பெருமைப்பட்டதெல்லாம் காற்றில் ஓடிய சத்தம். வெளிச்சத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னேன். கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவள் வாய்க்குள் நான் பார்த்தது அன்றுதான். வெள்ளம் வடிந்த பிறகு ஆற்றுக் கரையில் மண் அரித்துப்போய் மரத்தின் வேர் வெளியே தெரியுமே, முன்பற்கள் அப்படி நின்றன. கன்னமும் அன்றே வீங்க ஆரம்பித்திருந்தது.

மறுநாள் பாளையங்கோட்டைக்குப் போனோம். பிரஷையும் பையில் எடுத்துப் போனேன். டாக்டரம்மா அதன் நாரை விரலால் தடவிப் பார்த்தார். "இது தரை தேய்க்கவா? நார் மெத்துன்னு இருக்கணும்னு அன்னைக்கே சொன்னேனே, நீங்க என்ன வாங்கியிருக்கீங்க? யாரு இதை வாங்கச் சொன்னது?" என்றார். நான் உன் பெயரைச் சொன்னேன். அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். என் வாயில் முதலில் வந்தது "எம் மவன்" என்றுதான். பிறகு டாக்டரம்மா உன் அம்மாவைப் பார்த்து எப்போது முதல் ரத்தம் என்று கேட்டார். பழக்கதோஷம், நான் வாய் திறந்தேன். "பல்லு உங்களுக்கா, அவங்களுக்கா?" என்று கேட்டார். அங்கே காத்திருந்த ஜனங்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. இப்போது எழுதும்போதும் வருகிறது, ஆனால் டாக்டரம்மா மேல் இல்லை.

உன் அம்மா பேசினாள். முதலில் என்னைப் பார்த்துப் பார்த்துப் பேசினாள். பிறகு என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நீ வயிற்றில் இருந்தபோது ஆரம்பித்த ரத்தம் என்றாள். கிணற்றுத் தண்ணீர் பட்டால் மண்டைக்குள் போய்க் குத்தும் என்றாள். கொய்யாப் பழம் கடித்து ஆறு வருடம் ஆயிற்று என்றாள். நம் வீட்டுக் கொல்லையில் கொய்யா மரம் நிற்கிறது. எனக்கு நல்ல பழமாகப் பொறுக்கிக் கொண்டுவந்து வைப்பாள், அவள் ஏன் தின்பதில்லை என்று நான் கேட்டதில்லை. டாக்டரம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு சொன்னார், கீழ் வரிசையில் நான்கு பல் ஆடுகிறது, ஈறு இறுகினால் நிற்கும், இறுகாவிட்டால் நான்கையும் எடுக்க வேண்டும் என்று.

"ஆவணியில மவன் கல்யாணம் டாக்டரம்மா. அதுவரைக்கும் பிடுங்காம விட்டு வையிங்க. போட்டோ எடுப்பாவ" என்றாள் உன் அம்மா. இத்தனைக்கும் நடுவில் அவள் கேட்டது அது ஒன்றுதான்.

டாக்டரம்மா மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை போய்ச் சுத்தம் செய்ய வேண்டும், மருந்துத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், தினம் இரண்டு வேளை சரியான பிரஷால் துலக்க வேண்டும். தவறான பிரஷ் இன்னொன்று அந்த வாயில் பட்டால் மூன்று மாதம் கூட நிற்காது என்றார். அதன் பிறகு திருநெல்வேலி ஜங்ஷனில் நான்கு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், "கரண்டுல பல்லு தேய்க்கவா? அண்ணாச்சி, மொதல்ல உங்க ஊர்ல கரண்டு இருக்கா?" என்று சிரித்தார். எங்கும் இல்லை. இப்போதைக்குக் குழந்தைகளுக்கு விற்கிற மெத்தென்ற பிரஷ் வாங்கி, காலையும் மாலையும் நான்தான் அவளுக்குத் துலக்கிவிடுகிறேன். அவள் படியில் உட்கார்ந்து வாயைத் திறப்பாள், நான் எதிரே குத்தவைப்பேன். மண்வெட்டி பிடித்த கை, எவ்வளவு பார்த்துச் செய்தாலும் அழுந்துகிறது. "பைய, பைய" என்பாள். நேற்று, "உம்ம கைக்கு அந்த மிஷினே தேவலை" என்றாள். பேச்சியம்மா மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சிரிக்கிறாள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். செம்பருத்திப் பூ என்று ஓடிப்போய்ப் பார்த்தவன் நீ. அந்த ஈறு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். சின்னத் தலையும் மெதுவான ஓட்டமும் உள்ளது ஒன்று உன் கண் முன்னால் இருந்தது. நீ வெல்டிங் செய்கிறவன். மெல்லிய தகட்டில் எவ்வளவு சூடு காட்டலாம், கூடினால் ஓட்டை விழும் என்பது உன் தொழில். அதை எல்லாம் வைத்துக்கொண்டு, "எது வாங்க" என்று கடல் தாண்டி என்னிடம் எதற்குக் கேட்டாய்? நான் சொன்னதும் ஒரு எதிர்க் கேள்வி கூடக் கேட்காமல் எதற்கு வாங்கினாய்? அப்பா சொன்னால் சரி என்று இருந்திருப்பாய். அது மரியாதை என்று நினைத்திருப்பாய். அந்த மரியாதையில் உன் அம்மாவின் ஈறு கிழிந்தது. ஒன்பது வருடமாக நீ எழுதிய கடிதங்களை இப்போது ஒவ்வொன்றாக எடுத்து வாசிக்கிறேன். எல்லாம் எனக்குத்தான். "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று ஒவ்வொன்றிலும் கடைசியில் இருக்கிறது. நீ கேட்டாய் என்று நான் போய்ச் சொல்ல வேண்டும். அவள் என்ன சொன்னாள் என்று எழுத ஒரு இடமும் அதில் இல்லை. அவள் காய்ச்சலை நான் சொன்னேன், அவள் சந்தோஷத்தை நான் சொன்னேன், அவள் ஈற்றையும் நான் சொன்னேன். உனக்கு ஒரு நாளாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

ஆவணியில் ஒரு பெண்ணைக் கூட்டி வரப்போகிறாய். அவள் வாய்க்கு நீ பதில் சொல்லாதே. அவளுக்குத் தலை வலித்தால் அவளிடம் கேள். டாக்டர் கேட்டால் நீ வெளியே போய் நில், அல்லது வாயை மூடிக்கொண்டு உள்ளே நில். "ஆனா" என்று யாராவது ஆரம்பித்தால் பஸ் போனாலும் உட்கார்ந்து கேள். அடுத்த பஸ் வரும். உனக்கு நல்லது என்று படுகிற சாமானை அவளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தில் சந்தோஷம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்காதே. அப்படி நின்றால் அவளும் உனக்காகக் காற்றில் ஓட்டிக் காட்டுவாள். நீயும் என்னைப் போலக் காபி குடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாய். இதைத் திட்டாகவே எடுத்துக்கொள். புத்திமதி என்று பெயர் வைத்து ஓரமாக வைத்துவிடாதே.

டாக்டரம்மா சொன்னதை இந்தத் தடவை பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டேன். நான் எழுதி முடிக்கும் வரை அவர் பொறுமையாக நின்றார். நார் மெல்லியதாக, மெத்தென்று இருக்க வேண்டும். நுனி வெட்டினது போலக் கூராக இல்லாமல் உருண்டையாக இருக்க வேண்டும். தலை சின்னதாக, ஒரு பல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் போதும். இரண்டு வேகம் இருந்தால் நல்லது, மெதுவான வேகத்தை மட்டும்தான் அவள் வைத்துக்கொள்வாள். அழுத்தினால் தானாக நின்றுவிடுகிற மாதிரி ஒன்று வருகிறதாம், அது கிடைத்தால் அதையே வாங்கு. பிடி தடிமனாக, ஈரக் கையில் வழுக்காததாக இருக்க வேண்டும், பொத்தான் லேசாக அமுங்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் கட்டை விரலுக்கு ஆகாது. ஒரு தடவை கரண்டில் வைத்தால் சில நாள் ஓடுகிற மாதிரி பார், இங்கே கரண்ட் எப்போது போகும் என்று உனக்குத் தெரியும். நார் மூன்று மாதத்தில் தேய்ந்துவிடும் என்பதால் மாற்றுத் தலையும் சேர்த்து வாங்கு. பவரைப் பற்றி யாராவது பேசினால் காது கொடுக்காதே. கல்யாணத்துக்கு நீ கொண்டுவருகிற வரை காத்திருக்க முடியாது. அடுத்த மாதம் உன் கூட்டாளி ஊருக்கு வருகிறான் என்று எழுதியிருக்கிறாய், அவன் கையில் கொடுத்தனுப்பு.

இதுவரை எழுதியதை இன்று அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மதியம் முழுவதும் ஆயிற்று. "மெஷின காத்துல ஓட்டினதெல்லாம் எதுக்கு எழுதினீரு, புள்ள சங்கடப்படுவான்லா" என்றாள். சங்கடப்படட்டும் என்றேன். "வேற என்ன சொல்லணும், சொல்லு. சொல்லுத மாதிரியே எழுதுதேன்" என்றேன். "டாக்டரம்மா சொன்னதத்தான் எழுதிட்டீரே, போதும்" என்றாள். நான் பேனாவை மூடாமல் இருந்தேன். பிறகு சொன்னாள். அதைக் கீழே அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"ஏலே இசக்கி, கடையில வாயில வச்சுப் பாக்க விடமாட்டாவ. கண்ண மூடிக்கிட்டு அந்த நார இமை மேல பைய வச்சுப் பாரு. அங்கன உறுத்தலன்னா வாங்கு. உறுத்திச்சுன்னா, எம்புட்டு நல்ல சாமான்னு அவன் சொன்னாலும் கடையிலேயே வச்சுட்டு வந்திரு. இல்லன்னா எனக்குப் பொய்யா ஓட்டிக்கிட்டு நிக்க இனிமே கையில தெம்பு இல்ல."

இமையில் வைத்துப் பார்த்தாயா, எப்படி இருந்தது என்று பதில் எழுது. எனக்கு எழுதாதே. அவளுக்கு எழுது. வாசித்துக் காட்ட நான் இருக்கிறேன், ஒரு வரி விடமாட்டேன். அவள் சொல்லுகிற பதிலையும் அப்படியே எழுதி அனுப்புவேன். உறையின் மேல் என் பெயர் வேண்டாம். உன் அம்மாவின் பெயர் ஆவுடையம்மாள். இந்த ஒன்பது வருடத்தில் நீ அதை ஒரு உறையிலும் எழுதியதில்லை.